மீற்றர் காணாத பத்தொன்பது மணித்தியாலங்கள்

தம்பி,

நீ ஸ்டவாங்கருக்குப் போய் இன்றைக்குப் பதினேழு நாள். உன் அறையில் நான் எதையும் மாற்றவில்லை. அப்பா மட்டும் உன் மேசையைத் தன் பஸ் நேர அட்டவணைகளுக்குப் பிடித்துக்கொண்டார். தொலைபேசியில் நீ நன்றாகத்தான் கதைக்கிறாய்: மழை பெய்கிறது, சாப்பிட்டேன், வேலை பரவாயில்லை. எனக்கு உன்னிடம் சொல்ல இருப்பது தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. உன் அம்மா முப்பது வருடமாக எழுதித்தான் யோசித்துப் பழகியவள். அதனால் எழுதுகிறேன்.

இது அச்சில் வரக்கூடிய கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாத இதழில் 'எங்கள் பிள்ளைகளின் வேலை' என்று நான் எழுதிவந்த பகுதி ஏன் திடீரென்று நின்றது என்று வாசகர்கள் ஆசிரியரைக் கேட்கிறார்கள், ஆசிரியர் என்னைக் கேட்கிறார். உன்னைத் தொடாமல் அதற்கு உண்மையான பதில் சொல்ல முடியாது. ஆகையால் இந்தத் தாள்கள் இதழுக்குப் போவதற்கு முன் உன் கைக்கு வரும். பேனையை எடுத்து வைத்துக்கொண்டு வாசி. நீ வெட்டியதை நான் திரும்பச் சேர்க்க மாட்டேன், ஏன் வெட்டினாய் என்றும் கேட்க மாட்டேன். முழுவதையும் வெட்டினாலும் சரி. அப்போது இது உனக்கு மட்டுமான கடிதமாக இருக்கட்டும்.

ஊரில் சமாதானப் பேச்சு முறிந்து மறுபடி சண்டை தொடங்கிய பிறகு, இதழின் முன்பக்கங்களை இறந்தவர்களின் பெயர்களே நிரப்பின. கடைசிப் பக்கத்திலாவது வாசகர் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று ஆசிரியர் விரும்பினார். இங்கே நோர்வேயில் வளர்ந்த பிள்ளைகள் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதலாம் என்றேன். டிராம் ஓட்டும் பெண், பல் வைத்தியர், மீன் பண்ணையில் மீன்களுக்கு நோய் பார்க்கும் பையன் என்று பதினொரு பேரைத் துருவித் துருவிக் கேட்டு எழுதினேன். பன்னிரண்டாவது நீ.

அதில் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட வெட்கம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது ஆட்கள் கேட்பார்கள், "உங்கட மகன் எண்ணெய்க் கம்பனியிலை என்ன செய்யிறார்?" எஞ்சினியர் என்பேன். "அது தெரியும், என்ன செய்யிறார்?" நான் திணறும்போது அப்பா இடையில் புகுந்து, "புகை எண்ணுறான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் கூடச் சிரித்திருக்கிறாய். எனக்கு மட்டும் சுருக்கென்றிருக்கும். ஊர்ப்பிள்ளைகளின் வேலையெல்லாம் தெரிந்தவளுக்கு, தன் மகன் காலை ஆறரைக்கு மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறிப்போய் நாள் முழுக்க என்ன செய்கிறான் என்று தெரியவில்லை.

அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீயாகத்தான் தொடங்கினாய்.

"அம்மா, ஒண்டை மீற்றர் காணாட்டி அது நடக்கேல்லையோ?"

"என்ன மீற்றர்?"

"கிணத்து மீற்றர்."

"கிணத்துக்கும் மீற்றரோ?" என்றார் அப்பா. "அப்ப தண்ணிக்கும் பில் வரும்."

"பகிடியை விடுங்கோ அப்பா. எண்ணெய்க் கிணறு."

பிறகு நீ எனக்கு விளங்கும்படி சொன்னாய். புதிதாகத் துளைத்த கிணற்றை முதன்முதல் திறக்கும்போது எண்ணெயும் வாயுவும் மட்டும் வருவதில்லை. துளைக்கப் பாவித்த சேறும் மண்ணும் கலந்து வரும். அந்த மேடையிலிருந்து கரைக்குக் குழாய் கிடையாது. ஆகவே வருவதைக் கடலுக்கு மேலே நீட்டிய இரும்புக் கையின் நுனியில் எரித்துவிடுகிறார்கள். எவ்வளவு எரித்தார்கள், அதனால் எவ்வளவு காபனீரொட்சைட்டும் மற்ற வாயுக்களும் காற்றில் கலந்தன என்று வருடத்துக்கொருமுறை அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைதான் உன் வேலை. எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் தாங்கியில் மீற்றர் இருக்கிறது. ஆனால் முதலில் வருவது சேறு என்பதால், தாங்கி பழுதாகாமல் இருக்க அதைத் தாங்கிக்குள் விடாமல் நேரே எரிக்க அனுப்புவார்கள். அவ்வளவு நேரமும் நெருப்பு எரியும், மீற்றர் அசையாது.

"எத்தினை மணித்தியாலம்?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மேடையிலை எழுதின வேலைப் பதிவிலை எரிக்கத் தொடங்கின நேரம் இருக்கு, தாங்கியைத் திறந்த நேரம் இருக்கு. கழிச்சுப் பாத்தனான்."

"அப்ப போன வருச அறிக்கையிலை?"

"மீற்றர் காட்டினது மட்டும். அந்தப் பத்தொன்பதுக்கும் சைபர்."

"உன்ர மனேஜருக்குத் தெரியுமோ?"

"அவதான் கையெழுத்து வைச்சவ. வேணுமெண்டு செய்தவ இல்லை அம்மா. ஒருத்தரும் பதிவோட ஒப்பிட்டுப் பாக்கேல்லை. இப்ப லீவிலை நிக்கிறா. வரட்டும், முகத்துக்கு நேர சொல்லவேணும். மெயிலிலை எழுதினா குற்றம் சாட்டுற மாதிரி இருக்கும்."

அந்தக் கடைசிப் பேச்சையும் நான் கேட்டேன். ஆனால் என் மனதில் தங்கியது பத்தொன்பதுதான். நீ அன்றைக்கு எவ்வளவு சந்தோசமாகக் கதைத்தாய் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்தில் உன் வேலையைப் பற்றி நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டது அன்றுதான். கணவாய்க் கறி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் விரலால் மேசையில் குழாய்களை வரைந்து காட்டினாய்.

செவ்வாய்க்கிழமை எழுதி இதழுக்குக் கொடுத்தேன். கம்பனியின் பெயர் இல்லை, கிணற்றின் பெயர் இல்லை. பத்தொன்பது மணித்தியாலம் இருந்தது. அது இல்லாவிட்டால் உன் வேலை என்னவென்று வாசகருக்கு விளங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைக்கவசத்தோடு நீ நிற்கும் படத்தையும் போட்டேன். தமிழில் எழுதுவதை எந்த நோர்வேக்காரர் வாசிக்கப்போகிறார் என்ற துணிச்சல். இருபது வருடமாக எங்கள் மொழியைப் பூட்டிய அறைபோலப் பாவித்துப் பழகிவிட்டோம். ரயிலில் எதிரே இருப்பவரின் தொப்பியைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமாகக் கதைக்கிறோம். அந்த அறைக்குச் சென்னையிலிருந்தும் ஆட்கள் திறப்புச் சாவியோடு வந்து கனகாலம் என்பதை மறந்துபோனேன்.

சென்னைக்காரரான கார்த்திக் உன் அலுவலகத்தில் கிணற்று அழுத்தம் பார்க்கிற பொறியியலாளர். நல்ல பிள்ளை. சனிக்கிழமை ட்வெய்ட்டாவில் தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனவர், காசு கொடுக்கும் இடத்தில் அடுக்கியிருந்த இதழில் உன் படத்தைக் கண்டிருக்கிறார். திங்கட்கிழமை பதினொன்றரைக்கு, எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் பாண் சாப்பிடும் நேரத்தில், அதை உன் மேலாளரிடம் காட்டியிருக்கிறார். அன்றுதான் மேலாளர் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள். உங்கள் ஆளைப் பற்றி அவன் அம்மா எழுதியிருக்கிறார் பாருங்கள் என்ற பெருமை. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஆசையாகக் கேட்டாராம். கார்த்திக் வரிவரியாக மொழிபெயர்த்திருக்கிறார். பத்தொன்பது மணித்தியாலம் வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான், தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கு விளங்கியதாம்.

நீ மேலாளரைச் சந்திக்கக் கேட்டிருந்த நேரம் இரண்டு மணி. நான் உன்னை இரண்டரை மணித்தியாலத்தால் முந்திவிட்டேன். செய்தியாளர் வேலையில் அப்படி முந்துவதை வெற்றி என்போம்.

இரண்டு மணிக்கு நீ உள்ளே போனபோது அவர் சொன்னது இது என்று பிறகு சொன்னாய்: "நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவின் வாசகர்களுக்கும் தெரியும்." அவரிடமே முதலில் சொல்ல இருந்தாய் என்பதை எப்படி நிரூபிப்பாய்? கிணற்று அறிக்கைகளை உன்னிடமிருந்து எடுத்து, 'இப்போதைக்கு' வேறு வேலை கொடுத்தார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இதழை என் முன்னால் வைத்தாய்.

"நான் உங்களுக்குச் சொன்னனான் அம்மா. பேப்பருக்குச் சொல்லேல்லை."

அவ்வளவுதான். நீ சத்தம் போட்டிருக்கலாம். அப்பாதான் போட்டார். "பேப்பர்காரியோட இருந்து சாப்பிட்டா சாப்பாடும் செய்தியாப் போகும் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். நீர் என்னையும் எழுதியிருப்பீர், நான்தான் ஒண்டும் கதைக்கிறேல்லை!" வேறு நாளாக இருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று இதழை எடுத்து மடித்து வைத்தேன்.

எனக்கு உடனே தோன்றியது, வழக்கமாகச் செய்கிற காரியம். மறுநாள் உன்னிடம் வந்து, "அடுத்த இதழிலை திருத்தம் போடுறன். அந்த எண் பிழை, நான் விளங்காமல் எழுதிப்போட்டன் எண்டு போடுறன்" என்றேன்.

"பிழை இல்லையே."

"உனக்கு வேலை முக்கியம் ராசா. என்ர பேர் கெட்டாப் பரவாயில்லை."

"அம்மா, ஒரு சைபரை எடுக்கத்தான் நான் இவ்வளவு பாடுபடுறன். நீங்கள் இன்னொண்டைக் கொண்டுவந்து போடாதேங்கோ."

தம்பி, நான் எழுதியதில் எத்தனையோ பிழைகளுக்குத் திருத்தம் போட்டிருக்கிறேன். சரியாக எழுதிய ஒன்றைப் பிழை என்று அச்சடிக்க அன்றைக்குத்தான் முதன்முதல் தயாரானேன். என்னைத் தடுத்தது நீ.

அதற்குப் பிறகு ஆறு வாரம். நீ கோபமாக இருந்தாய் என்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னாய். ஓம். இல்லை. நல்லாயிருக்கு. கறிக்கு உப்புச் சரி. பேட்டி கொடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டு மரியாதைக்காக எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியும். அதை என் சாப்பாட்டு மேசையில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. எனக்குப் பயம் பிடித்தது. உன் வேலை போய்விடும் என்பதைவிட, உனக்கு இனி வாழ்க்கையில் என்ன நடந்தாலும் அதைக் கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்ற பயம். உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்தால், உடம்புக்கு ஏதாவது வந்தால், இந்த நாட்டில் யாராவது உன்னை அவமானப்படுத்தினால், நான் மற்றவர்களிடம் விசாரித்து அறிய வேண்டிவரும்.

அந்த நாட்களில் ட்வெய்ட்டாப் பள்ளிக்கூடத்தை அடிக்கடி நினைத்தேன். உனக்கு எட்டு வயது. எனக்கும் அப்பாவுக்கும் நோர்வேஜிய மொழி கடை வாசலைத் தாண்டாத காலம். பெற்றோர் சந்திப்புக்கு உன்னையே மொழிபெயர்க்கக் கூட்டிப் போனோம். ஆசிரியை முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் கதைத்தார். நீ எங்கள் பக்கம் திரும்பி, "நல்லாப் படிக்கிறனாம்" என்றாய். "இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவ?" என்று அப்பா கேட்டார். "ஓம், திருப்பித் திருப்பிச் சொன்னவ" என்றாய். இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். இடைவேளையில் நீ ஒருவரோடும் விளையாடுவதில்லை, சுவரோரம் தனியாக இருக்கிறாய், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருந்தார்கள். உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "நான் பொய் சொல்லேல்லை. மிச்சத்தைச் சொல்லேல்லை" என்றாய். மிச்சத்தைச் சொல்லாமல் விடுவதும் பொய்தான் என்று ஏசினேன். அரை மணித்தியாலம் ஏசியிருப்பேன்.

ஏன் சுவரோரம் தனியாக இருந்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஒரு செய்தியாளர் விட்ட கேள்விகளில் அதைவிட மோசமானது இருக்க முடியாது. விடுபட்டதைத் தேடிப் பிடிக்கிற குணத்தை நான்தான் உனக்குள் ஏசி ஏசி ஏற்றினேனோ தெரியாது. அந்தப் பத்தொன்பது மணித்தியாலத்தை நீ கண்டுபிடித்தபோது எனக்கு வந்த பெருமையில் அந்த எண்ணமும் கலந்திருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் ஆட்கள் எனக்குப் பல விஷயம் சொன்னார்கள். சொன்னது தெரிந்தால் உயிருக்கே ஆபத்தானவையும் அதில் இருந்தன. ஒரு பெயரையும் நான் வெளியே விட்டதில்லை. அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை, இன்னும் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்களின் சொல்லுக்கு அவ்வளவு காவல் இருந்தவள், உன் சொல்லை ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தேன். யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு காரணம்தான் தெரிகிறது. அவர்கள் சொன்னது அவர்களுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நீ சொன்னதை என்னுடையது என்று நினைத்துவிட்டேன். பெற்ற பிள்ளை, என் வீட்டு மேசை, நான் காய்ச்சிய கறி. எங்கள் ஆட்களில் பெரும்பாலான பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறோம். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றையும் சம்பளத்தையும் தொலைபேசியில் ஊருக்கெல்லாம் சொல்வது நமக்குப் பாசம். அந்தப் பாசத்தை நான் அச்சில் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை கார்த்திக் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே, "ஆண்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்கன்னுதான் படிச்சுக் காட்டினேன். அவங்க முன்னாடி குற்றப் பத்திரிகை படிச்ச மாதிரி ஆயிடுச்சு" என்றார். "பிழை என்னிலைதான் தம்பி, உள்ளே வாங்கோ" என்று அவரிடம் சொன்னேன். அவர் குசினிக்குள் போனதும் அப்பா என் காதில், "ஆண்ட்டியாம்! முப்பது வருசமா நான் இஞ்சரும் எண்டு கூப்பிடுறன், அவர் வந்த உடன பட்டம் குடுக்கிறார்" என்றார்.

கார்த்திக் சும்மா மன்னிப்புக் கேட்க மட்டும் வரவில்லை. மீற்றர் இல்லாவிட்டாலும் கிணற்று வாயின் அழுத்தமும் திறப்பின் அகலமும் பதிவில் இருக்கின்றன, அவற்றை வைத்து அந்தப் பத்தொன்பது மணித்தியாலத்தில் எவ்வளவு வந்திருக்கும் என்று நியாயமாக மதிப்பிடலாம் என்றார். நீங்கள் இரண்டுபேரும் குசினி மேசையில் கொப்பித் தாளை விரித்தீர்கள். கம்பனித் தாள் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு முறைதான். "இதை இப்பிடி எடுத்தா?" "அது ஜாஸ்தியா வரும்." "கூட வரட்டும், குறைய வராமல் பாப்பம்." நான் பக்கத்து அறையில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஐந்து நிமிடம் இருந்தேன். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். சாத்திய கதவுக்கு வெளியே நிற்பது எனக்குத் தெரியாத வேலை, தம்பி. ஆனால் பழகலாம் என்று தோன்றியது.

அந்தத் தாளோடு நீயும் கார்த்திக்கும் மேலாளரிடம் போனீர்கள். அவர் கெட்டவர் இல்லை. எண்ணில் அவருக்குக் கோபம் இல்லை, தன் ஆள் ஒருவன் கண்டதைத் தன் காதுக்கு முன் இன்னொரு காது கேட்டதில்தான் கோபம். எனக்கு அது நன்றாக விளங்குகிறது. திருத்திய அறிக்கையில் அவரே கையெழுத்திட்டு அனுப்பினார். இப்போது அது யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். அதனால்தான் இதில் எண்ணைத் திரும்ப எழுத எனக்குத் துணிவு வந்தது. கோடையில் ஸ்டவாங்கரில் எல்லாக் கிணறுகளின் அறிக்கையையும் பார்க்க உன்னை அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்பா கோயில் மண்டபத்தில், "இப்ப எல்லாப் புகையும் அவன்ர பொறுப்பு" என்று சொல்லித் திரிகிறார். அந்த எண்ணைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. என்னைவிட நல்ல செய்தியாளர்.

புது இடத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அளக்க முடியாததை மதிப்பிட்டேன் என்று எழுது, எப்படி மதிப்பிட்டாய் என்றும் எழுது, வெற்றிடத்தில் சைபர் போடாதே. அந்த மேடையில் குளிரிலும் காற்றிலும் நின்று, யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒழுங்காக எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைத் தேடிப்பிடித்து நன்றி சொல்லு. கெட்ட செய்தியை முகத்துக்கு நேரே சொல்ல நினைத்தாயே, அந்தப் பழக்கத்தை என் பிழைக்காக விட்டுவிடாதே. ஆனால் அடுத்தமுறை லீவு முடியும்வரை காத்திராதே, இரண்டு வரி எழுதிச் சந்திக்க நேரம் கேள். கம்பளிக் காலுறை மூன்று சோடி பையின் அடியில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே.

இனி நீ என்னிடம் எதையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உனக்கு நேரே சொல்ல நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, நீ புறப்படும் நாளும் வந்துவிட்டது. ஒஸ்லோ நிலையத்தில் காலை ரயில். அப்பா உனக்குக் கோப்பி வாங்கப் போய்விட்டார், வரிசை நீளம். நாங்கள் இரண்டுபேரும் பெட்டிகளோடு நின்றோம். நீ தண்டவாளத்தைப் பார்த்தபடி, "அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினாய். ஏழெட்டு நிமிடம் சொன்னாய். எனக்குப் பத்துக் கேள்வி வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. உன் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன், நீயும் விடவில்லை.

ரயில் போன பிறகு அப்பா கேட்டார், "நான் வரேக்கை என்னவோ கதைச்சுக்கொண்டு நிண்டீங்கள். என்னவாம்?"

"அது அவன்ர விசயம்," என்றேன். "அவனைக் கேளுங்கோ."

அம்மா